வட்டத்துக்கு வெளியே நின்றவன்

கப்பல் பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

பயிற்சி வகுப்பில் நீங்கள் எல்லோரும் ஒரு கதை கேட்டிருப்பீர்கள். நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோன மீன்பிடிப் படகை ஒரு ரோந்துக் கப்பல் கயிறு கட்டி இழுத்து வருகிறது. கயிறு விறைத்து நிற்கும்போது ஒரு மாலுமி, யாரும் சொல்லாமல், தன் இஷ்டத்துக்கு அதன் பக்கத்தில் போகிறான். கயிறு அறுந்து அடிக்கிறது. இடது கால் போய்விடுகிறது. கதை சொல்கிறவர் கரும்பலகையில் கப்பலின் பின்தளத்தை வரைவார். அறுந்த கயிறு சுழன்று வரக்கூடிய இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார். அதற்குள் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்து, "இந்தப் புள்ளியாக நீ ஆகிவிடாதே" என்பார். யாராவது சிரிப்பார்கள். பிறகு மணி அடிக்கும்.

அந்த வட்டத்தை முதலில் போட்டவன் நான். ஆறு வருடம் பயிற்சி நிலையத்தில் இருந்தேன், வருகிற ஒவ்வொரு வகுப்புக்கும் போட்டேன். எனக்குப் பின்னால் வந்தவர்களும் அதையே போடுகிறார்கள் என்று கேள்வி.

அந்தக் கதையில் ஒரு வரி பொய். "யாரும் சொல்லாமல்" என்ற வரி. அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். பயிற்சி நிலையத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்ட இளம் அதிகாரி, "வீரமான அனுபவம் ஏதாவது இருந்தால் நல்லது" என்றார். என்னிடம் அப்படி எதுவும் இல்லை. முழங்கால் வலியும் இந்தக் கதையும்தான் மிச்சம்.

இப்போது நான் திருநெல்வேலியில், பேட்டையில் இருக்கிறேன். சுற்றிலும் லேத்துப் பட்டறைகள். எதிர்ப் பட்டறைக்காரர் மாலையில் வந்து உட்காருவார். சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் பாராட்டுப் பத்திரத்தைப் பார்த்து ஒருநாள் கேட்டார்.

"முப்பது வருஷத்துக்கு மேல கடல்ல இருந்தீரே, சண்டை எதுவும் பாத்தீரா வே?"

"இல்ல வே. ரிப்பேரான படகுகளைக் கயிறு கட்டி இழுத்துட்டு வந்தேன்."

"கயிறு கட்டி இழுத்ததுக்கா இந்தக் காயிதம்?"

ஆமாம் என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். அந்தக் காகிதத்தைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் சிரித்துவைப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது.

கயிறு கட்டி இழுப்பது என்ன பெரிய வேலை என்று கரையில் இருப்பவர்கள் நினைப்பது இயல்பு. உங்களுக்குத் தெரியும். என் வீட்டாரும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்காக இரண்டு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, நீளம். இழுக்கும் கப்பலும் பின்னால் வரும் படகும் ஒரே நேரத்தில் அலையில் ஏறி, ஒரே நேரத்தில் இறங்க வேண்டும். அதற்கு ஏற்ற நீளம் விட வேண்டும். நீளம் தப்பினால் இது ஏறும்போது அது இறங்கும், கயிறு ஒரு நேரம் தொய்ந்து ஒரு நேரம் வெட்டி இழுக்கும். அப்படி வெட்டி இழுக்கும்போது கை மணிக்கட்டு தடிமன் இருக்கிற நைலான் கயிறு மெலிந்து, உள்ளே இருக்கும் தண்ணீர் புகைபோல வெளியே சீறும்.

இன்னொன்று, உரசல். கப்பலின் பின்விளிம்பில் கயிறு வெளியேறும் இரும்பு வாயில் அது உரசிக்கொண்டே இருக்கும். அங்கே சாக்கு சுற்றி, கிரீஸ் தடவி வைப்போம். ஒரே இடம் தேயாதபடி மணிக்கு ஒரு தடவை ஒரு முழம் கயிறு கூடுதலாக விடுவோம். சாக்கு விலகிவிட்டால் கயிறு நேராக இரும்பில் தேயும். அதைச் சரிசெய்யப் போகும் முன் மேலே கப்பல் தலைவருக்குத் தொலைபேசியில் சொல்லி வேகத்தைக் குறைக்க வேண்டும். கயிறு தளர்ந்து தண்ணீரில் விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஆள் கிட்டே போகலாம். இது சட்டம். இதை வகுப்பில் நூறு தடவை சொன்னவனும் நான்தான்.

அன்றைக்கு மன்னார் வளைகுடாவில் வாடைக்காற்று. விசைப்படகில் ஆறு பேர். எஞ்சின் நின்று, படகு பாறைத் திட்டுகள் இருக்கும் பக்கமாக ஒதுங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் அதற்கு முந்தைய இரண்டு நாளும் வேறொரு தேடுதலில் அலைந்துவிட்டு, சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல் இருந்தோம். பின்தளத்துக்கு நான் பொறுப்பு. என் கீழே செல்வின்.

செல்வின் பாளையங்கோட்டைக்காரன். அப்பாவும் அம்மாவும் பள்ளி ஆசிரியர்கள். அந்தக் கப்பலில் நெல்லைத் தமிழ் பேச எங்கள் இரண்டு பேரை விட்டால் ஆள் கிடையாது. அவன் மட்டும்தான் என்னைப் பதவிப் பெயர் சொல்லாமல் அண்ணாச்சி என்பான். பெற்றோர் இரண்டு பேரும் வாத்தியார்கள் என்பதாலோ என்னவோ, எதையும் ஒரு தடவை கேட்டு உறுதிப்படுத்தாமல் செய்யமாட்டான். நான் அதற்காக அவனைக் கிண்டல் செய்வேன்.

படகுக்கு முதல் மெல்லிய கயிற்றை எறிந்தோம். காற்றில் தவறியது. மறுபடி எறிந்தோம், தவறியது. மூன்றாவதும் போய்விட்டது. நான்காவதில்தான் படகிலிருந்தவர்கள் பிடித்தார்கள். அதன் வழியாகப் பெரிய கயிற்றை இழுத்து முன்கட்டையில் கட்டினார்கள். அதற்குள் கப்பல் தலைவர் மேலேயிருந்து ஒலிபெருக்கியில், பின்தளத்துக்காரர்கள் தூங்குகிறார்களா என்று எல்லோர் காதிலும் விழக் கேட்டுவிட்டார். நல்ல மனிதர்தான், ஆறு உயிர் பாறைப் பக்கம் போகும் பதற்றத்தில் கேட்டது. எனக்குச் சுருக்கென்று தைத்தது. அந்த எரிச்சல் அன்று முழுக்க என்னை விடவில்லை. மற்றதெல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

இழுக்க ஆரம்பித்து ஒரு மணி நேரம் இருக்கும். படகின் டிரைவர் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார்.

"சார், கயிறு இன்னும் கொஞ்சம் இளக்கி விடுங்க. படகு மூக்கு அலையில குத்துது. தண்ணி உள்ள வருது."

கயிறு விட வேண்டுமென்றால் கப்பல் வேகத்தைக் குறைக்க வேண்டும். சாக்கைப் பிரித்து, கயிறு விட்டு, மறுபடி சுற்ற வேண்டும். மேலே போன் போட்டு, "கொஞ்சம் நிறுத்துங்கள்" என்று கேட்க வேண்டும். துறைமுகம் மூன்று மணி நேரத் தூரத்தில் இருந்தது.

"மூணு மணி நேரந்தான். பொறுத்துக்கிடும்" என்றேன்.

இழுக்கிற கப்பலில் நிற்பவனுக்கு எதுவும் தெரியாது. நம் கால் அடியில் தளம் கெட்டியாக இருக்கும், எஞ்சின் ஒரே சீராக ஓடும். பின்னால் வருகிறவன் உடம்பில்தான் ஒவ்வொரு வெட்டும் விழும். அவன் சொல்வதை நம்பவில்லையென்றால் தெரிந்துகொள்ள வேறு வழியே கிடையாது. நான் நம்பவில்லை என்றுகூடச் சொல்ல முடியாது. கேட்டுக்கொள்ள மனமில்லை, அவ்வளவுதான்.

இன்னும் அரை மணி நேரம் போனது. கயிற்றில் புகை சீறுவதை நான் பார்த்தேன். சாக்கு ஒரு பக்கமாக விலகியிருப்பது போலத் தெரிந்தது. தளத்தில் ஆள் போகக்கூடாத பகுதியைச் சிவப்புப் பெயின்டால் காட்டியிருப்போம். நாங்கள் இரண்டு பேரும் அதற்கு வெளியே, தொலைபேசிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். கையை நீட்டினால் எட்டிவிடும்.

"சாக்கு விலகிட்ட மாதிரி இருக்கு. போய்ப் பாத்துட்டு வா லே" என்றேன்.

செல்வின் என் முகத்தைப் பார்த்தான். "மேல போன் போட்டு வேகத்தைக் குறைக்கச் சொல்லலையா அண்ணாச்சி?"

"ஒரு எட்டு பாத்துட்டு வாறதுக்கு எதுக்கு லே போனு? இன்னொரு தடவ அவர்ட்ட பேச்சு வாங்கணுமா? பைய பாத்துட்டு ஓடியா."

அவன் போனான். சிவப்புக் கோட்டைத் தாண்டிக் குனிந்து சாக்கைத் தொட்டான். நைலான் கயிறு அறுவதற்கு முன் ஒரு மாதிரி முனகும். இப்போது பட்டறையில் லேத்து இரும்பைக் கடிக்கிற சத்தம் கேட்டால் எனக்கு அது ஞாபகம் வந்து, செய்கிற வேலையை நிறுத்திவிடுவேன். நான், "ஏலே!" என்று கத்தினேன். அதற்குள் கயிறு வந்துவிட்டது. வந்ததை யாரும் பார்க்கவில்லை. செல்வின் தளத்தின் அந்தக் கோடியில் கிடந்ததைத்தான் பார்த்தோம்.

நான் ஓடிப்போய் அவன் தலையைத் தூக்கினேன். இடது கால் இருந்த விதத்தை எழுத வேண்டாம். அதே நேரம் பின்னால் படகு அலைக்குக் குறுக்காகத் திரும்பிப் பாறைப் பக்கம் போக ஆரம்பித்திருந்தது. மருத்துவ உதவியாளர் ஓடிவந்து காலைக் கட்டினார். இரண்டாவது கயிற்றைக் கொடுக்கத் தெரிந்தவன் அங்கே நான் மட்டும்தான். நான் எழுந்தேன். செல்வின் என் சட்டையைப் பிடித்திருந்தான். அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுத்தான் போனேன். "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று அவன் கூப்பிட்டது கயிறு எறிந்து முடிக்கும்வரை கேட்டுக்கொண்டே இருந்தது.

அவனை விட்டுவிட்டுப் போனதற்காக நான் வருந்தவில்லை. உங்களுக்கும் அப்படி ஒரு நேரம் வந்தால் போகத்தான் வேண்டும். முதல் வீச்சிலேயே கயிறு சேர்ந்தது. இந்தத் தடவை டிரைவர் கேட்ட நீளத்துக்கும் மேலாகவே விட்டேன். படகு சாதுவாகப் பின்னால் வந்தது. ஆறு பேரும் கரை சேர்ந்தார்கள். துறைமுகத்தில் அந்த டிரைவர் என்னிடம் வந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"உங்க பையனுக்கு எப்பிடி இருக்கு?" என்றார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்றேன். அவர், "கயிறு விடச் சொன்னேனே சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பத்து நாள் கழித்து விசாரணை. செல்வின் ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து எழுதிக் கொடுத்ததைப் படித்தார்கள். "சாக்கு விலகியிருப்பதைப் பார்த்து நானாகவே போனேன்" என்று இருந்தது. விசாரித்த அதிகாரி தலையை நிமிர்த்தி, இது சரியா என்று என்னைக் கேட்டார்.

நான், "சரி" என்றேன். அந்த ஒரு சொல்லோடு முடிந்தது. மாலுமியின் சொந்தக் கவனக்குறைவு என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். ஆறு பேரைக் காப்பாற்றியதற்காக எனக்குப் பாராட்டுப் பத்திரம் வந்தது. சரியாகச் செய்த ஒன்றை வைத்து, தப்பாகச் செய்த இரண்டையும், கேட்டும் கயிறு விடாததையும் அவனை அனுப்பியதையும், மறைத்துக்கொண்டேன். பிறகு பயிற்சி நிலையத்துக்குப் போட்டார்கள். அங்கே போய் வட்டமும் புள்ளியும் வரைய ஆரம்பித்தேன். ஏன் வரைந்தேன் என்று என்னை நானே கேட்டதுண்டு. நாலு பிள்ளைகள் பிழைக்கட்டும் என்று ஒரு சமாதானம் சொல்லிக்கொள்வேன். உண்மை என்னவென்றால், சொல்லச் சொல்ல அந்தப் பொய் எனக்கே உண்மையாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

ஓய்வுபெற்று ஊருக்கு வந்தேன். பேட்டையிலிருந்து செல்வின் வீட்டுக்கு ஆற்றுப்பாலம் தாண்டி அரை மணி நேரப் பஸ் பயணம். ஆஸ்பத்திரி வேலையாகப் பாளையங்கோட்டைக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அந்தத் தெருப் பக்கம் மட்டும் திரும்பவில்லை. சம்பவம் நடந்து பதினாலு வருடம் இப்படியே ஓடியது.

போன மாதம் ஒரு காலையில் போன் வந்தது.

"அண்ணாச்சி, செல்வின் பேசுதேன். என் கதைய நல்லா சொல்லுதீங்களாமே?"

விஷயம் இதுதான். உங்களில் ஒருவர், விடுமுறையில் வந்த பாளையங்கோட்டைப் பிள்ளை, ஞாயிறு ஆராதனை முடிந்து பெற்றோருடன் செல்வின் வீட்டுக்குப் போயிருக்கிறார். செல்வினின் மனைவி அந்தப் பிள்ளையின் அம்மாவோடு ஒரே பள்ளியில் பாடம் நடத்துகிறவர். பேச்சு வேலையைப் பற்றித் திரும்பியதும் இந்தப் பிள்ளை வகுப்பில் கேட்டதைச் சொல்லியிருக்கிறார். ஒரு தாளில் வட்டம் போட்டு, புள்ளி வைத்து, "எவனோ ஒருத்தன், சொன்ன பேச்சு கேக்காம போயி கால இழந்துட்டான் அங்கிள்" என்று விளக்கி, வகுப்பில் இதை முதலில் சொன்னவர் என்று என் பெயரையும் சொல்லியிருக்கிறார். எதிரே உட்கார்ந்திருந்தவரின் வேட்டிக்குக் கீழே இருந்தது செயற்கைக் கால் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. அந்தப் பிள்ளை மேல் எந்தத் தப்பும் இல்லை. இதைப் படித்துவிட்டு அவர் வருத்தப்படக் கூடாது.

அன்றைக்கே பஸ் ஏறினேன். கதவைத் திறந்தது செல்வினின் மனைவி. என்னை அடையாளம் தெரிந்துகொள்ள அவருக்கு நேரம் ஆகவில்லை.

"இவ்வளவு நாளா ஆத்துப் பாலம் என்ன, இடிஞ்சா கெடந்துச்சு?" என்றார். பிறகு, "உள்ள வாங்க" என்று வழிவிட்டார்.

செல்வின் நாற்காலியில் இருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. மேஜையில் அந்தத் தாள் இருந்தது. நான் உட்கார்ந்ததும் அதை என் பக்கம் தள்ளினான்.

"இந்தப் புள்ளி நானு. சரி. நீங்க எங்கன நிக்கீங்க அண்ணாச்சி?"

"நீ ஏன் லே அப்பிடி எழுதிக் குடுத்த?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. வேறு எதுவும் வரவில்லை.

"ஆறு பேரையும் நீங்க கொண்டாந்து சேத்துட்டீங்கன்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க. என் வாயால உங்களைக் காட்டிக்குடுக்க எனக்கு மனசு வரல. நம்ம அண்ணாச்சி, உள்ளத அவரே சொல்லிருவாருன்னு நெனச்சேன். சத்தியமா நெனச்சேன். கால் போனது போச்சு. அதோட பழகிட்டேன். அறிவு கெட்டவன்னு எத்தன வகுப்புல பேரு வாங்கியிருக்கேன்னு இப்பத்தான தெரியுது. நான் கேட்டேனா இல்லையா அண்ணாச்சி? போன் போடலையான்னு கேட்டேன்லா?"

"கேட்ட லே."

"அது போதும். அத நீங்க மறந்துட்டீங்களோன்னு இருந்தேன்."

நான் அழுதேன். அவன் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றார். மன்னித்துவிடு என்று அவன் கையைப் பிடித்தேன். கையை உதறவும் இல்லை, பதிலுக்குப் பிடிக்கவும் இல்லை.

"எங்கிட்ட இங்கன ஒக்காந்து கேட்டா ஆச்சா? அந்தப் பிள்ளைகளுக்கு யாரு சொல்லுவா?" என்றான்.

அதனால்தான் தம்பிகளே, தங்கைகளே, இது உங்களுக்கு. நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு அலுவலகத்துக்கும் அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. மூடிய கோப்பைத் திறப்பது எளிதில்லை என்று அங்கே இருக்கும் பழைய நண்பர் சொல்கிறார். பாராட்டுப் பத்திரத்தைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டேன். பட்டறைக்காரர் ஏன் என்று கேட்டார், இதே கதையை அவருக்கும் சொன்னேன். அவர் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

எழுதியதை எடுத்துக்கொண்டு போய்ச் செல்வினிடம் படித்துக் காட்டினேன். வாத்தியார் வீட்டுப் பிள்ளை, கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டான்.

"சாப்பிடல, தூங்கலன்னு நாலு இடத்துல எழுதியிருக்கீங்க. நானுந்தான் தூங்கல. ஒரு இடத்துல இருந்தா போதும்" என்றான். மூன்றை அடித்துவிட்டேன்.

"வேற எதும் மாத்தணுமா?" என்று கேட்டேன்.

அவன் அந்தத் தாளையும் ஒரு பேனாவையும் எடுத்து என் கையில் கொடுத்தான். நான் எங்கே நின்றேனோ அங்கே, வட்டத்துக்கு வெளியே, தொலைபேசிக்குப் பக்கத்தில், இரண்டாவது புள்ளியை வைத்தேன். அவன் பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

இனி உங்களில் யாராவது வகுப்பெடுக்கப் போனால், கரும்பலகையில் அந்தப் படத்தைப் போடும்போது இரண்டு புள்ளியும் வையுங்கள். உள்ளே இருப்பவன், "வேகத்தைக் குறைக்கச் சொல்லவில்லையா" என்று கேட்டான் என்று சொல்லுங்கள். வெளியே இருப்பவன் போகச் சொன்னான் என்று சொல்லுங்கள். வெளியே இருக்கிற புள்ளி நான்.